கோஸ்ட் ராஞ்ச்: அந்த மலை யாருடையது?

செம்மண்காடு எழுதியது:

அக்டோபர் நடுவில் மூன்று நாள் நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில் தங்கிவிட்டு வந்தோம். அல்புகர்க்கிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. "அது ஓவியர்கள் போகிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை" என்று இத்தனை நாளும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த முறை மனைவி என்னைக் கேட்காமலே அறை போட்டுவிட்டாள்.

சாந்தா ஃபேயிலிருந்து வடமேற்கே அறுபது மைலுக்குச் சற்று மேல். எஸ்பன்யோலாவின் கடைகள் முடிந்ததும் சாமா ஆறு சாலைக்குத் துணையாக வரத் தொடங்கும். கரை நெடுக காட்டன்வுட் மரங்கள், அந்த வாரம் எல்லாம் மஞ்சள். அபிக்யூ கிராமம் தாண்டி சாலை மேலே ஏறுகிறது. ஏறி முடிந்த இடத்தில் காரை ஓரங்கட்டிவிட்டேன். வடக்கு ஓரம் முழுக்க சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கு அடுக்காக ஒரு பாறைச் சுவர். தெற்கே, ஏரிக்கு அப்பால், உச்சியை அரிவாள்மணையில் வைத்து நறுக்கியது போலத் தட்டையான ஒரு நீல மலை. அதுதான் பெடர்னால், 9,862 அடி. மூன்று நாளும் எங்கே திரும்பினாலும் அது நின்றுகொண்டிருந்தது.

ராஞ்ச் என்றால் மாட்டுப் பண்ணை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். 21,000 ஏக்கர், கடல்மட்டத்திலிருந்து 6,500 அடி. இப்போது திருச்சபை சார்ந்த ஒரு பயிற்சி, ஓய்வு மையமாக நடக்கிறது. எளிமையான அறைகள், பொதுச் சாப்பாட்டுக் கூடம். இரவில் வானம் மட்டும் கொஞ்சம் பயமுறுத்துகிறது, அத்தனை நட்சத்திரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கடையில் அஞ்சலட்டை, கோப்பை, நாட்காட்டி, எதைத் தொட்டாலும் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப். அவர் வரைந்த மலை, அவர் நடந்த பாதை, அவர் பொறுக்கிய எலும்பு. அவர் அங்கே முதன்முதலில் வந்தது 1934 இல். அதற்கு முன்னால் அங்கே மனிதர்களே இல்லாதது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பேய்ப் பெயர் எப்படி வந்தது, அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

வரலாறு எனக்குத் தெரியாது, கால்வலி தெரியும். சிம்னி ராக் பாதை போய் வர மூன்று மைல். முதல்முறை போகிறவர்களுக்கு அது போதும். பாக்ஸ் கேன்யன் நான்கு மைல், ஓடையை மாறி மாறித் தாண்டிப் போக வேண்டும், நிழல் உண்டு. கிச்சன் மேசா (மேசா என்றால் தட்டைத்தலை மலை) ஐந்து மைல். அதில் ஓரிடத்தில் பாறை இடுக்கில் கையையும் காலையும் ஊன்றி ஏற வேண்டும், முழங்கால் சரியில்லாதவர்கள் யோசித்துக்கொள்ளவும். ஜூலை, ஆகஸ்டில் போனால் காலையிலேயே ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், மொட்டைப் பாறையில் நிற்கிற ஒரே உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அண்ணா, நீங்கள் எந்தப் பாதையில் போனீர்கள்?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

பெயர்க் கதையை நான் சொல்கிறேன். நேரில் போனதில்லை, படித்ததுதான், என் புனைபெயரே அதைச் சொல்லும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்ச்சுலேட்டா என்ற சகோதரர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் குடிசை போட்டிருந்தார்கள். தொழில் மாடு திருட்டு. மூன்று பக்கமும் பாறைச் சுவர் இருப்பதால் திருடிய மாட்டை ஓட்டிவந்து அடைத்துவிட்டால் வெளியே தெரியாது. யாரும் கிட்டே வரக்கூடாது என்பதற்காக அங்கே சூனியக்காரர்கள் உலவுகிறார்கள், பிள்ளை அழுகிற குரல் கேட்கிறது என்று கதை கட்டிவிட்டார்கள். முப்பது அடி நீளப் பாம்பு ஒன்று பாறைக்குள் இருப்பதாகவும் பேச்சு, அதன் பெயர் விவரோன். இடத்துக்கு "ராஞ்சோ டி லோஸ் ப்ருஹோஸ்" என்று பெயர் விழுந்தது. சூனியக்காரர்களின் பண்ணை. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து ஒருவன் செத்தான், மிச்சம் பேரை ஊர்க்காரர்கள் மரத்தில் தொங்கவிட்டார்கள் என்பது செவிவழிக் கதை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வந்ததும் சூனியக்காரர்கள் போய்ப் பேய் வந்துவிட்டது.

அடுத்த கட்டம் இன்னும் வேடிக்கை. 1928 இல் ராய் ஃபாஃபிள் என்பவர் சீட்டாட்டத்தில் இந்த நிலத்தின் பத்திரத்தை ஜெயித்தார். அவரும் மனைவி கரோல் ஸ்டான்லியும் அல்கால்டேயில் சான் கேப்ரியல் ராஞ்ச் என்ற விருந்தினர் பண்ணை நடத்தியவர்கள். கரோல் இசை படித்த கிழக்குக்கரைப் பெண்மணி. சாமர்த்தியசாலியும்கூட: அந்தப் பத்திரத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். விவாகரத்து ஆனதும் 1931 இல் இங்கே வந்து பணக்காரப் பயணிகளுக்கான பண்ணை தொடங்கினார். 1935 இல் அதை ஆர்தர் பேக்குக்கு விற்றார். நேச்சர் மேகசின் என்ற இதழை நடத்தியவர் அவர். உடம்பு சரியில்லாத மகளுக்காக வறண்ட காற்றைத் தேடி வந்தவர். 1955 இல் அவர்தான் முழுப் பண்ணையையும் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபைக்குக் கொடுத்தார்.

இடையில் போர்க்காலத்தில், அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமோஸ் விஞ்ஞானிகள் மாற்றுப் பெயரில் இங்கே ஓய்வெடுக்க வந்திருக்கிறார்கள். 2023 இல் வந்த ஓப்பன்ஹைமர் என்ற அணுகுண்டுப் படத்துக்கு லாஸ் அலமோஸ் ஊரைச் செட் போட்டது இதே பண்ணையில்தான். அசல் ஊர் விடுமுறைக்கு வந்த இடத்துக்கே நகல் ஊரும் வந்து சேர்ந்தது.

சும்மாபடிப்பவன் எழுதியது:

சீட்டாட்டத்தில் 21,000 ஏக்கரா! எங்கள் தெருவில் ரம்மி ஆடியவர்கள் ஸ்கூட்டரைத்தான் இழந்திருக்கிறார்கள்.

கல்லுளிமங்கன் எழுதியது:

நில அமைப்பியல் படித்தவன் என்பதால் ஒரு வேண்டுகோள். 1934 க்கு முன் என்ன என்று கேட்டுவிட்டு 1890 களில் நின்றுவிட்டால் எப்படி? கொஞ்சம் பின்னால் போவோம்.

செம்மண்காடு பார்த்த அந்தச் சுவரைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் கருஞ்சிவப்பாக, மழையில் கரைந்து மடிப்பு மடிப்பாக நிற்பது சின்லி. 20 கோடி ஆண்டுக்கு முந்தைய, ட்ரயாசிக் காலத்து ஆற்று வண்டல். அப்போது இந்த இடம் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, பாஞ்சியா என்ற ஒற்றைக் கண்டத்தில் இருந்தது. அதன் மேல் செங்குத்தாக எழும்பும் சிவப்பு, மஞ்சள் சுவர் என்ட்ராடா மணற்கல், பாலைவன மணற்குன்றுகள் இறுகியது. அதன் வயது சுமார் 16 கோடி ஆண்டு. அதாவது சின்லி முடிகிற கோட்டில் விரலை வைத்தால், விரலுக்குக் கீழும் மேலும் உள்ள பாறைகளுக்கு இடையே சுமார் 4 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது. அந்த இடைவெளிக்கான பக்கங்களை அரிப்பு கிழித்துப் போட்டுவிட்டது. உச்சியில் சாம்பலும் வெள்ளையுமாக இருப்பது டொடில்டோ, ஒரு பெரிய உவர்நீர்த் தேக்கம் வற்றிப் படிந்த சுண்ணாம்பும் ஜிப்சமும். கிச்சன் மேசாவின் தலையில் நடந்தால் காலடியில் வெள்ளையாக நொறுங்குவது அந்த ஜிப்சம்தான்.

இனி எலும்புகள். 1881 இல் டேவிட் பால்ட்வின் என்பவர் இந்த வட்டாரத்தில் சில துண்டு எலும்புகளைப் பொறுக்கி அனுப்பினார். 1889 இல் எட்வர்ட் கோப் அதற்கு சீலோஃபைசிஸ் என்று பெயர் வைத்தார். உள்ளே குழலாக இருக்கும் எலும்பு என்பதால் அந்தப் பெயர். பிறகு 1947 கோடையில் நியூயார்க் அருங்காட்சியகத்தின் எட்வின் கோல்பர்ட் குழு அரிசோனாவுக்குப் போகிற வழியில் இங்கே சில நாள் சுற்றிப் பார்க்க நின்றது. குழுவில் இருந்த ஜார்ஜ் விட்டேக்கர் சரிவில் சில எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்தார். தோண்டினால் ஒன்றன்மேல் ஒன்றாக முழு எலும்புக்கூடுகள், நூற்றுக்கணக்கில். அரிசோனாவை மறந்துவிட்டார்கள். மூன்று மீட்டர் நீள, இரண்டு காலில் ஓடும் ஒல்லியான ஊனுண்ணி டைனோசர். 1981 முதல் அதுதான் நியூ மெக்சிகோவின் மாநிலப் புதைபடிவம். 1998 இல் அதன் மண்டையோடு ஒன்று விண்வெளி ஓடத்தில் ஏறி மிர் நிலையம் வரை போய் வந்தது.

தோண்டிய எலும்பை அப்படியே தூக்க முடியாது. சுற்றிலும் பாறையோடு வெட்டி, சாக்குத்துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பூசிக் கட்டியாக்கித்தான் எடுப்பார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது சுட்ட ஜிப்சம். தலைக்கு மேல் மலை மலையாக ஜிப்சம் கிடக்க, மூட்டை மூட்டையாக வாங்கி வந்திருப்பார்கள்.

அந்தக் கட்டிகளில் ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேல் அருங்காட்சியகத்தில் பிரிக்கப்படாமலே கிடந்தது. பிரித்துப் பார்த்தால் அது டைனோசரே இல்லை, முதலை வம்சத்தைச் சேர்ந்த, பல் இல்லாத அலகோடு இரண்டு காலில் நடந்த ஒரு பிராணி. 2006 இல் அதற்கு வைத்த பெயர் எஃபிஜியா ஓகீஃபே. எஃபிஜியா என்றால் பேய். பாருங்கள், பேயும் ஓ'கீஃபும் பாறைக்குள்ளேயும் சேர்ந்துவிட்டார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் சொன்ன விவரோன் பாம்பையும் விடவில்லை. 2016 இல் விவரிக்கப்பட்ட ஒரு பெரிய ஊனுண்ணிக்கு விவரோன் ஹைடெனி என்று பெயர். மாடு திருடர்கள் கட்டிவிட்ட புளுகு அறிவியல் பெயராகிவிட்டது.

செம்மண்காடு எழுதியது:

கல்லுளி சார், இதைப் போவதற்கு முன்னால் படித்திருந்தால் சிம்னி ராக்கில் அந்தக் கோட்டைத் தேடியிருப்பேன். (மலைப்பாதை, நாங்கள் போனது அதில்தான். கிச்சன் மேசாவில் அந்த இடுக்கு வரை போய், மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், திரும்பிவிட்டோம்.)

சீலோஃபைசிஸ் தன் குட்டியையே தின்றது, வயிற்றில் குட்டியின் எலும்பு இருந்தது என்று சின்ன வயதில் எங்கோ படித்த ஞாபகம். உண்மையா?

கல்லுளிமங்கன் எழுதியது:

கோல்பர்ட் அப்படித்தான் நினைத்தார், ஐம்பது வருடம் பாடப்புத்தகங்களும் அதையே சொல்லின. 2006 இல் மறுபடி ஆராய்ந்தபோது வயிற்றுக்குள் இருந்தது ஒரு சிறிய முதலைக் குலப் பிராணியின் எலும்பு என்று தெரிந்தது. பாவம், வீண்பழி.

அதற்குப் பெயர்த் தகராறும் உண்டு. கோப்பின் துண்டுகள் ரொம்ப அரைகுறை, அவற்றை வைத்து இந்த முழுக்கூடுகளும் அதே இனம் என்று சொல்ல முடியாது என்று 1991 இல் சிலர் இதற்கு ரியோஅரிபாசாரஸ் என்று மாவட்டத்தின் பெயரை வைத்தார்கள். 1996 இல் விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் தலையிட்டு, கோஸ்ட் ராஞ்ச் கூடு ஒன்றையே சீலோஃபைசிஸின் மாதிரியாக அறிவித்து முடித்துவைத்தது. பத்திரத் தகராறு அந்த மண்ணின் ராசி போல.

தூரிகை எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஓ'கீஃபை ஏதோ ஆக்கிரமிப்பாளர் போல இழையின் தலைப்பே சொல்கிறது, அது எனக்கு ஒப்பவில்லை.

அவர் வாங்கியது 21,000 ஏக்கர் இல்லை. 1940 இல் ஆர்தர் பேக்கிடம் ஒரு மண்வீடும் ஏழு ஏக்கரும். அவ்வளவுதான். அந்த வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் பெடர்னால் தெரியும். திரும்பத் திரும்ப அதையே வரைந்தார். "போதுமான தடவை வரைந்தால் அந்த மலையை எனக்கே தந்துவிடுவதாகக் கடவுள் சொல்லியிருக்கிறார்" என்ற பொருளில் அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது விளையாட்டுப் பேச்சு. தினமும் சமையலறை ஜன்னலில் பார்க்கிற மாமரத்தை நாமெல்லாம் "என் மரம்" என்று சொல்வதில்லையா? 1986 இல் தொண்ணூற்றெட்டு வயதில் இறந்தபோது அவர் சாம்பலை அந்த மலையுச்சியில்தான் தூவினார்கள். கடைசியில் மலைதான் அவரை எடுத்துக்கொண்டது.

எனக்கு அவரிடம் பிடித்தது அந்தப் பிடிவாதம். இடுப்பெலும்பின் ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்து, அந்த நீலத்தை மட்டும் வரைகிறார். காரின் முன் இருக்கையைத் திருப்பிவைத்து அதில் உட்கார்ந்து வெயிலில் மணிக்கணக்காக வரைந்தவர். எலும்பு என்றால் சாவு என்று எல்லோரும் சொன்னபோது ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பாலைவனத்தில் உயிர்ப்பான பொருள் அதுதான் அவருக்கு.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

தூரிகை அக்கா, ஓவியத்தில் நான் கைநாட்டு. ஆனால் அந்த எலும்புகளுக்கும் வரலாறு உண்டு. 1880 வாக்கில் ரயில் சாமா வரை வந்தது. ஆடும் மாடும் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகின. புல் போனது, மண் அரித்தது, வறட்சி வந்ததும் மாடுகள் செத்து விழுந்தன. ஓ'கீஃப் 1930 இல் பீப்பாயில் நிரப்பி நியூயார்க்குக்கு அனுப்பிய எலும்புகளைப் போன்றவை இப்படித்தான் கிடந்தன. யாரோ ஒருவர் வீட்டு நஷ்டம் அது.

படங்களில் அந்த நிலம் காலியாக இருக்கிறதே, அதுதான் எனக்கு நெருடல். அபிக்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெனிசாரோ என்று ஒரு சொல் உண்டு. கொமாஞ்சி, அபாச்சி, நவஹோ, பாவ்னி என்று பல குடிகளிலிருந்து பிடிக்கப்பட்டு ஸ்பானிய வீடுகளுக்கு விற்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளும் அவர்கள் வம்சமும். தாய்மொழி போய், குலம் போய், ஞானஸ்நானப் பெயர் மட்டும் மிஞ்சியவர்கள். சொல்லே துருக்கியப் படையான ஜானிசரி என்பதிலிருந்து வந்தது. 1754 இல் ஆளுநர் வேலெஸ் கச்சுபின் அவர்களுக்கு அபிக்யூவில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார். தர்மம் இல்லை அது. வடக்கிலிருந்து தாக்குதல் வந்தால் முதல் அடி இவர்கள்மேல் விழட்டும் என்ற கணக்கு. அடுத்த பத்தாண்டில் அதே ஊரில் சூனிய விசாரணை வேறு. பாதிரியாருக்கு வந்த வயிற்றுவலிக்கு ஊர்க்காரர்களின் செய்வினைதான் காரணமாம். "சூனியக்காரர்களின் பண்ணை" என்ற பெயர் வெறும் மாட்டுத் திருடர் வேலை என்று நான் முதலில் எழுதியது அரைகுறை. அந்த மண்ணில் சூனியம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நூறு வருட வரலாறு இருந்தது, அதனால்தான் கதை எடுபட்டது.

அந்த ஊர் இன்னும் இருக்கிறது. பதினாறாயிரம் ஏக்கருக்கு மேல் ஊர்ப்பொதுவாகவே வைத்திருக்கிறார்கள். 2007 இல்தான் மாநிலச் சட்டமன்றம் ஹெனிசாரோக்களைப் பூர்வகுடி என்று ஏற்றுத் தீர்மானம் போட்டது.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பண்ணை இருக்கும் சமவெளி 1766 இல் பெத்ரோ மார்ட்டின் செர்ரானோவுக்கு மானியமாகத் தரப்பட்ட பியத்ரா லும்ப்ரே. பக்கத்தில் சான் ஹோக்கின் டெல் ரியோ டி சாமா, 1806 ஆம் ஆண்டு மானியம். அமெரிக்க ஆட்சி வந்தபின் அதன் வாரிசுகள் 4,72,000 ஏக்கருக்கு மேல் கோரினார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொண்டது 1,422 ஏக்கர். வீடும் வயலும் மட்டும் உங்களுடையது, மேய்ச்சலும் காடும் அரசுடையது என்றது தீர்ப்பு. ஆடு மேய்க்கிறவனிடம் மேய்ச்சல் நிலத்தை எடுத்துவிட்டால் வீட்டை வைத்து என்ன செய்வான்?

பண்ணையிலிருந்து சில மைல் வடக்கே சாலையோரம் எக்கோ ஆம்ஃபிதியேட்டர் என்று குடைந்த பாறை இருக்கிறது, எல்லோரும் நின்று கூவிப் பார்ப்பார்கள். 1966 அக்டோபரில், மானிய நிலங்களை மீட்கப் போராடிய ரெயஸ் லோபெஸ் திஹெரினாவின் ஆட்கள் அதைக் கைப்பற்றி, இது சான் ஹோக்கின் மண் என்று அறிவித்தார்கள். வந்த வனத்துறை ரேஞ்சர்கள் இருவரையும் அத்துமீறி நுழைந்ததாகப் பிடித்து, விசாரணை நடத்தி, தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பினார்கள். அடுத்த ஜூன் 5 அன்று டியரா அமரில்லா நீதிமன்றத்தில் துப்பாக்கிச் சூடு, மலையெங்கும் தேசியக் காவல்படை, டாங்கிகள். அப்போது ஓ'கீஃப் அபிக்யூவில்தான் குடியிருந்தார். அந்தக் காலத்துப் படங்களில் மேகம் இருக்கிறது.

தூரிகை எழுதியது:

கடைசி வரி வேண்டாத குத்து. மேகத்தை வரைந்தவரிடம் டாங்கி எங்கே என்று கேட்பீர்களா?

ஆனால் மற்றதெல்லாம் எனக்குப் புதிது, அதை மறைக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1945 இல் அவர் அபிக்யூவில் இடிந்த வீடு ஒன்றைக் கத்தோலிக்கத் திருச்சபையிடம் வாங்கினார். காரணங்களில் ஒன்று தண்ணீர். பண்ணையில் காய்கறி போட வழியில்லை. அபிக்யூ வீட்டுக்கு அசேக்கியா என்ற ஊர் வாய்க்காலில் பங்கு இருந்தது. மரியா சபோட் என்ற தோழி வருடக்கணக்காக முன்னின்று கட்டினார், சுவரை வெறுங்கையால் மெழுகியவர்கள் ஊர்ப் பெண்கள். 1949 முதல் அதே வாய்க்கால் முறைக்குக் காத்திருந்துதான் அவரும் தோட்டம் போட்டார். உங்கள் கணக்கில் அவர் ஊருக்கு வெளியே நின்று மலையை மட்டும் பார்த்தவர். முழுசாக அப்படி இல்லை.

புதுவைக்காரன் எழுதியது:

இந்த இழையில் எழுத எனக்கு வேலையே இல்லை என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

அதே சாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில், மண் சாலையில் பதின்மூன்று மைல் உள்ளே, கிறைஸ்ட் இன் த டெசர்ட் என்ற பெனடிக்டின் மடம் இருக்கிறது. 1964 இல் தொடங்கியது. அதன் தேவாலயத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ் நகஷிமா, மரப் பலகையின் இயற்கையான ஓரத்தை வெட்டாமல் மேசை செய்வாரே, அவரேதான். அவருடைய தொடக்க காலப் பெரிய வேலைகளில் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1937 இல் மேற்பார்வைக்கு வந்தவர், வந்த இடத்தில் சீடராகிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். கோல்கொண்டில் ஜன்னல் கண்ணாடியே கிடையாது. சுவர் முழுக்க திறந்து மூடும் கிடைப்பலகைகள். கடல்காற்று கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் போகும். அந்தத் தெருவில் சைக்கிளில் போகும்போதெல்லாம் பார்த்தே வளர்ந்தவன் நான்.

1939 இல் கிளம்பினார். அமெரிக்கா திரும்பியபின், போர் வந்ததும் ஜப்பானிய வம்சாவளி என்பதால் குடும்பத்தோடு ஐடஹோ முகாமில் அடைத்தார்கள். தச்சுவேலையை முறையாகக் கற்றுக்கொண்டது அந்த முகாமில்தான். அவர் இருபதாண்டு கழித்துக் கட்டிய மடத்தில் சுவர்கள் சுடாத மண்கல், ஜன்னல்கள் மேலே. உள்ளே உட்கார்ந்து தலையைத் தூக்கினால் கல்லுளிமங்கன் சொன்ன செம்பாறை தெரியும். நான் ஒருமுறை போயிருக்கிறேன். புதுவைக்காரன் என்று சொன்னதும் அங்கிருந்த துறவி ஒருவர் என்னைத் தனியாக உட்கார்த்தித் தேநீர் கொடுத்தார்.

இன்னொன்று. 1968 இல் துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டன் இந்த மடத்தில் தங்கிவிட்டு, அதே வருடக் கடைசியில் ஆசியப் பயணமாகச் சென்னைக்கும் மகாபலிபுரத்துக்கும் வந்தார். பிறகு இலங்கையில் பொலன்னறுவை. டிசம்பரில் பாங்காக்கில் இறந்துபோனார். அபிக்யூ ஊர்க்கோயில்கூட நம் பரங்கிமலைத் தோமையார் பெயரில்தான் இருக்கிறது, சான்டோ தோமாஸ்.

மலைப்பாதை எழுதியது:

அந்த மடத்துச் சாலை பற்றி ஒரு எச்சரிக்கை. வனச்சாலை 151. காய்ந்திருந்தால் சாதாரண காரே போகும். மழை பெய்தால் அந்தக் களிமண் சோப்பு மாதிரி. என் கார் ஒருமுறை நின்ற இடத்திலிருந்தே ஆற்றுப் பக்கம் வழுக்கியது, நான் பிரேக்கில் காலை வைத்தபடியே! இரவு முழுக்க அங்கேயே கிடந்து, காலையில் காய்ந்தபின் வெளியே வந்தேன். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் கார் கழுவ மட்டும் தனிக் கட்டணம் போட்டார்கள், திட்ட மனம் வரவில்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்தது கால் டன் ட்ரயாசிக் காலம்.

செம்மண்காடு எழுதியது:

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்பது. இந்த வாரயிறுதியில் பொறுக்க முடியாமல் மறுபடி ஓட்டிக்கொண்டு போனேன், தனியாக.

இந்தமுறை பண்ணைக்குள் போகவில்லை. அபிக்யூவில் ஆற்றுக்கு வடகரையில் மேட்டின்மேல் தார் அல் இஸ்லாம் என்ற பள்ளிவாசல் இருக்கிறது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1980 இல் நேரில் வந்து, சாரம் கட்டாமலே மண்கல்லில் வளைவும் குவிமாடமும் எழுப்பும் முறையைச் செய்துகாட்டிக் கட்டிய இடம். மண்கல்லுக்கு இங்கே சொல்லும் அடோபி என்ற சொல் அரபி, அசேக்கியா என்ற சொல்லும் அரபி. ஸ்பெயின் வழியாக இரண்டும் சுற்றி வந்து சேர்ந்த ஊருக்கே கடைசியில் ஓர் அரபுக் கொத்தனார் வந்திருக்கிறார். அவர்கள் நிலம் வழியாகத்தான் பிளாசா பிளாங்காவுக்குப் போக வேண்டும். ஓ'கீஃப் "வெள்ளை இடம்" என்று வரைந்தாரே, அது.

அப்புறம் மேற்கே போய்ப் பெடர்னாலைப் பின்பக்கமாகப் பார்த்தேன். தூரிகை அக்கா, அங்கிருந்து அது உங்கள் படத்து மலையே இல்லை. தட்டையான நீண்ட முகடு ஓரமாகத் திரும்பி, கூம்பு மாதிரி நிற்கிறது. பெடர்னால் என்றால் ஸ்பானியத்தில் சிக்கிமுக்கிக் கல். பூர்வகுடிகளின் தேவா மொழியில் அதன் பெயர் சி-பின். கல்லைச் சில்லாக உடைக்கிற மலை. பக்கத்து மேசாவில் பதினான்காம் நூற்றாண்டில் மக்கள் வாழ்ந்த சி-பின்-ஓவிங்கே என்ற ஊரின் இடிபாடு இருக்கிறது. அந்த ஊரின் பெயரே மலையின் பெயர்தான். ஸ்பானியர்கள் வந்து புதுப்பெயர் வைக்கவில்லை, மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

கல்லுளி சார், ஒரு சந்தேகம். அடிவாரத்தில் பால்வெள்ளையும் சாம்பலும் கலந்த சில்லுகள் நிறையக் கிடந்தன. ஓரம் கண்ணாடி போல வெட்டுகிறது. சிலவற்றில் வரிசையாகச் செதுக்கியது போல் பள்ளம். யாராவது உடைத்ததா, தானாக உடைந்ததா? எடுக்கவில்லை, படம் மட்டும்தான் எடுத்தேன்.

கல்லுளிமங்கன் எழுதியது:

எடுக்காதது நல்லது, அரசு நிலத்தில் அது குற்றம். பால்வெள்ளை என்றால் பெடர்னால் செர்ட், சிக்கிமுக்கி வகைக் கல். உச்சியில் இருப்பது சுமார் 80 லட்சம் ஆண்டுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு, கருப்பு. இந்த வெள்ளைக் கல் அதற்குக் கீழே அபிக்யூ அடுக்கில் பட்டையாக ஓடுகிறது. உறைபனியில் தானாகவும் உடையும். ஆனால் ஒரே ஓரத்தில், ஒரே திசையில், சமமான இடைவெளியில் பள்ளம் இருந்தால் உடைத்தது கைதான். படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பக்கத்தில் அளவுக்கு ஒரு காசு வைத்து எடுத்தீர்களா?

செம்மண்காடு எழுதியது:

காசு வைக்கவில்லை. கார் சாவி வைத்தேன். இரவு ஏற்றுகிறேன்.